இதயத்துக்கு ஏடு, கருப்பைக்குக் கடிகாரம்!

“முக்கத் தெரியவில்லை இவளுக்கு!” என்கிறாள் மாமியார். “வேலை செய்து முறுக்கேறிய உடம்பா இது? வலி எங்கிருந்து வரும்?” என்கிறாள் பக்கத்து வீட்டுப் பாட்டி. “உண்டு கொழுத்தவள்! குனிந்து நிமிர்ந்து வேலை செய்திருந்தால், பிள்ளை வழுக்கிக்கொண்டு வந்திருக்காதா?” என்கிறார் தாழ்வாரத்தில் உலவும் உறவினர். அவர் ஆண்மகன், பேறுவலி பற்றி அவர் அறிந்ததெல்லாம், கதவுக்கு அப்பாலிருந்து கேட்ட அலறல்தான்! உள்ளேயோ, மருத்துவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கட்டம் போட்ட தாளில் புள்ளி ஒன்று இடுகிறார். புள்ளி, கோட்டுக்கு வலப்புறம் ஒதுங்கிவிட்டது. “முன்னேற்றம் இல்லை” என்று எழுதுகிறார். கட்டிலில் கிடப்பவளுக்கு, பதினாறு மணி நேரம் பட்ட பாட்டுக்குக் கூலி, இந்தப் பழி!

முன்னேற்றம் இல்லை, உண்மைதான். ஆனால், எங்கே இல்லை? அந்தப் பெண்ணிடமா? அவளுடைய கருப்பை எங்ஙனம் இயங்குகிறது என்று கண்டு சொல்லவேண்டிய அறிவுலகத்திடமா? இந்தக் கேள்வியைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறோம்.

கருப்பை, மின்சாரத்தால் இயங்கும் தசை. இதயம் எப்படியோ, அப்படியே அதுவும். இதயத்தின் மின்சாரத்தை நூறாண்டுகளுக்கு மேலாக ஏட்டிலே எழுதிப் படித்து வருகிறது மருத்துவம். கருப்பையின் மின்சாரத்தையோ, படிக்கலாம் என்று தெரிந்த பிறகும், ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டுக் காலத்தைக் கடத்திற்று. தான் படிக்காத பாடத்தில் தாய்க்குத் தேர்வு வைத்து, “தோற்றாய் நீ!” என்று அவள் நெற்றியில் எழுதுகிறது. அநீதி இது என்கிறோம். கடுமையான சொல் என்று கருதுவோர், கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

1887-இல் லண்டன் மாநகரில் அகஸ்டஸ் வாலர் என்பார், மனித இதயத்தின் மின்துடிப்பை, உடலைக் கீறாமல், மேற்புறத்திலிருந்தே பதிவு செய்து காட்டினார். அதற்குப் பின், நெதர்லாந்து நாட்டு லைடன் நகரத்து வில்லெம் ஐந்தோவன், காந்தத்தின் இடையே மெல்லிய இழையொன்றைப் பொருத்தி, அத்துடிப்பைத் தெள்ளத் தெளிந்த கோடாக்கினார்; 1924-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. துடிப்பு இதயத்தின் எந்த மூலையிலிருந்து புறப்படுகிறது என்பதை 1907-இலேயே கண்டுவிட்டனர் ஆர்தர் கீத்தும் மார்ட்டின் ஃபிளாக்கும். இன்று? சிற்றூர் மருத்துவமனையிலும் அந்தக் கருவி உண்டு. மார்பைப் பிடித்துக்கொண்டு வருபவரைப் படுக்க வைக்கிறார்கள், கம்பிகளை ஒட்டுகிறார்கள், நீண்ட தாளில் நெளிந்து வரும் கோட்டைப் படிக்கிறார்கள், இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்கிறார்கள். “உமக்குத் துடிக்கத் தெரியவில்லை” என்று எந்த மருத்துவரும் அவரை ஏசுவதில்லை!

கருப்பைக்கு ஒன்றுமே செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தார்கள். 1931-இல் ஜெர்மானியராகிய போடே, கருப்பையின் மின்னியக்கத்தைப் பதிவு செய்து ஆய்வுரை எழுதினார். 1950-இல் அமெரிக்காவில் ஸ்டீர், ஹெர்ட்ஷ் எனும் இருவர், வலி கண்ட பெண்களின் கருப்பை மின்சாரத்தைப் பதிவு செய்து வெளியிட்டனர். வித்து ஊன்றப்பட்டது, நீர் பாய்ச்சத்தான் ஆளில்லை! பெரும்பாலான பேறுகால அறைகளில் இன்றும் இருப்பவை எவை? வயிற்றின்மீது வைத்துப் பார்க்கும் தாதியின் கை. சுவரில் கடிகாரம். வசதியுள்ள இடமாயின், வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை. வயிறு இறுகும்போது மேடிடுவதை அது அளக்கும். மேட்டை அளக்குமேயன்றி, மேட்டை எழுப்பும் மின்சாரத்தை அறியாது அது. உடல் பருத்த பெண்ணாயின், அந்தப் பட்டையும் தடுமாறும். நுட்பமாக அறியவேண்டுமானால், பனிக்குடம் உடைந்த பிறகு உள்ளே குழாயொன்றைச் செலுத்தவேண்டும். வயிற்றின் மேலிருந்தே மின்சாரத்தைப் படிக்கும் கருவிகள், அண்மைக் காலத்தில் சில நாடுகளில் விற்பனைக்கு வந்துள்ளன, மறைக்கவில்லை நாம். போடே எழுதிய ஆண்டையும், அக்கருவி நம் ஊர் வந்து சேரப்போகும் ஆண்டையும் கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டுமே சொல்கிறோம்.

ஏன் இந்தப் பாராமுகம்? கருப்பையைப் பற்றிக் கதை கட்டியே பழகிவிட்டவன் மனிதன். பேரறிஞர் பிளேட்டோ, ‘டிமாயஸ்’ எனும் நூலில், கருப்பை பிள்ளைக்கு ஏங்கும் ஓர் உயிர்ப்பிராணி என்றார். ஏக்கம் தீராவிடில் உடலெங்கும் அலைந்து மூச்சை அடைக்குமாம்! ஏவாள் கனி தின்றாள், எனவே வலியோடு பிள்ளை பெறுக என்றது ஆதியாகமம். 1847-இல் எடின்பரோ நகரில் ஜேம்ஸ் யங் சிம்சன், பேறுகாலத்தில் குளோரோஃபாம் கொடுத்து வலியைத் தணித்தபோது, ஆண்டவன் இட்ட தண்டனையை அகற்றலாமா என்று எழுந்த எதிர்ப்புக்கு அவர் தனியாகவே ஓர் ஏடு எழுதி விடையிறுக்க நேர்ந்தது. 1853-இல் விக்டோரியா அரசியார் தம் பேறுகாலத்தில் அம்மருந்தை ஏற்ற பிறகுதான் பல வாய்கள் அடங்கின. இங்கே? வினை என்றார்கள், தீட்டு என்றார்கள், கொடுப்பினை என்றார்கள். கதை இருக்குமிடத்தில் கருவி எதற்கு என்று இருந்துவிட்டார்கள் போலும்!

கதையை விடுவோம். கருப்பைக்குள் நடப்பதைக் காண்போம். கதையைக் காட்டிலும் சுவையுடையது அது.

மின்சாரம் என்றதும் கம்பியும் கம்பமும் நினைவுக்கு வரும். இது உப்பு மின்சாரம். கருப்பைத் தசை, கோடிக்கணக்கான நுண்ணிய உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவையும் மெல்லிய சவ்வு சூழ்ந்திருக்கிறது. சவ்வுக்கு உள்ளே பொட்டாசியம் மிகுதி; வெளியே சோடியமும் கால்சியமும் மிகுதி. மின்னேற்றம் பெற்ற இத்துகள்களை அயனிகள் என்பர். சவ்வை இவை தாமாகக் கடக்க முடியா. கடப்பதற்கென்று புரதத்தாலான வாயில்கள் உண்டு. அயனித் தடங்கள் என்று அறிவியலார் வழங்குவர். நாம் வாயில் என்றே சொல்வோம். வாயில்களுள் பல, ஒருவகை அயனிக்கே வழிவிடும். மற்றவற்றைத் தடுத்து நிறுத்தும். ஒரு நொடியின் ஆயிரத்திலொரு பங்கில் திறக்கும், மூடும்! இவ்வாறு உப்புகள் ஓடுவதுதான் நரம்பின் மின்சாரம் என்பதை, கணவாய் எனும் கடலுயிரின் பருத்த நரம்பிழையில் ஆய்ந்து, 1952-இல் கணக்கிட்டுக் காட்டினர் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும். 1976-இல் நேயரும் சாக்மனும், ஒற்றை வாயில் வழியே ஓடும் மின்னோட்டத்தையே அளந்துவிட்டனர். இரு இணையருக்கும் நோபல் பரிசு கிட்டியது, 1963-இலும் 1991-இலும். ஆகவே, முறை தெரியாது என்று யாரும் சொல்ல இயலாது.

கருப்பையில் இரண்டு கட்சிகள் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பொட்டாசிய வாயில்கள், அமைதிக் கட்சி. அவை திறந்தால் பொட்டாசியம் வெளியேறும். உயிரணுவின் உட்புற மின்னழுத்தம் தாழும். தசை தளர்ந்து உறங்கும். கால்சிய வாயில்கள், கிளர்ச்சிக் கட்சி. அவை திறந்தால் கால்சியம் உள்ளே பாயும்; தசை இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுக்கும்; கருப்பை சுருங்கும். தாய் படும் வலியின் பின்னணி, இந்தச் சுருக்கம். பிள்ளைப்பேறு என்பதன் மின்வரலாறு முழுதும், இவ்விரு கட்சிகளில் எது எப்போது ஆட்சி நடத்துகிறது என்பதுதான்.

பொறுப்போ சாதாரணப் பொறுப்பல்ல. கருவுறாத கருப்பை சுமார் 70 கிராம் எடை. நிறைமாதத்தில் 1,100 கிராம் அளவுக்கு வளர்கிறது. தசையை இழுத்து நீட்டினால் சுருங்க முயல்வது அதன் இயல்பு. கருப்பையோ, மாதந்தோறும் பிள்ளை பெருக்க, நீட்டப்பட்டுக்கொண்டே இருந்தும், சுருங்காமல் பொறுத்திருக்கவேண்டும். பின்னர், ஒருநாள், பொறுமையைக் கைவிட்டு முழு மூச்சாய்ச் சுருங்கவேண்டும். எப்படி முடிகிறது? கருவுற்ற காலத்தின் நடுவிலே அமைதிக் கட்சியின் ஆட்சி. உட்புற மின்னழுத்தம், 29-ஆம் வாரத்தை ஒட்டி, கழித்தல் 70 மில்லிவோல்ட் அளவில் தாழ்ந்திருக்கிறது. நிறைமாதத்தில் கழித்தல் 55 அளவுக்கு உயர்கிறது. பதினைந்து மில்லிவோல்ட்! கைவிளக்கு மின்கலம் ஒன்றின் அழுத்தத்தில் நூற்றிலொரு பங்கு. அந்தச் சிறு ஏற்றத்தில், கால்சிய வாயில்கள் திறக்கும் வாசற்படிக்கே வந்து நிற்கிறது தசை.

அதுமட்டும் போதாது. ஓர் உயிரணு கிளர்ந்தால் பயனென்ன? ஊரே ஒன்றாய் எழவேண்டும். 1977-இல் கார்ஃபீல்டும் குழுவினரும் காட்டினர்: பேறுகாலம் நெருங்கும்போது, அடுத்தடுத்த உயிரணுக்களுக்கிடையே நுண்ணிய இணைப்புத் துளைகள் பெருகுகின்றன. கனெக்சின் 43 எனும் புரதம் அவற்றைக் கட்டுகிறது. துளை வழியே மின்துடிப்பு ஓரணுவிலிருந்து மறுவணுவுக்குத் தாவும். அதுவரை தனித்தனியே முணுமுணுத்தவை, அதன்பின் ஒரே குரலில் முழங்குகின்றன.

எங்கிருந்து வருகிறது கட்டளை? மூளையிலிருந்து அல்ல! முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்விழந்த பெண்ணுக்கும் கருப்பை சுருங்குகிறது, பிள்ளை பிறக்கிறது. கருப்பை வாய் முழுதும் திறக்கும் வரையிலான நெடும்பொழுதில் தாயின் விருப்பத்துக்கு வேலையே இல்லை. அவள் வீரியாயினும் அதே சுருக்கம், கோழையாயினும் அதே சுருக்கம். முக்குதல் என்பது அதன் பின்னர்தான். முதற் கட்டத்திலேயே “முக்கத் தெரியவில்லை” என்று திட்டும் மாமியாருக்கு, மருமகளின் பொட்டாசியத்தைத் திட்டுகிறோம் என்பது தெரியாது, பாவம்! இதயத்துக்குத் துடிப்பு புறப்படும் மூலை 1907-இல் அகப்பட்டது என்றோமே. மனிதக் கருப்பைக்கு அத்தகைய மூலை உண்டா, இடம் மாறி மாறிப் புறப்படுகிறதா என்பது இன்றளவும் வழக்கிலேயே இருக்கிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி!

இனி, வழக்கின் நடுநாயகமான சான்றுக்கு வருவோம். அதன் பெயர், ஹெர்க். பொட்டாசிய வாயில்களுள் ஒன்று. இதன் பிறந்தகம் வேடிக்கையானது. பழ ஈக்களை ஈத்தர் எனும் மயக்க மருந்தில் ஆழ்த்தினார்கள். ஒருவகை ஈக்கள் மட்டும் மயங்கியபடியே காலை உதறிக்கொண்டு ஆடின. அந்நாளில் அமெரிக்க ஆடற்கூடங்களில் நடந்த ஆட்டத்தின் பெயரையே, 1969-இல் அந்த மரபணுவுக்குச் சூட்டிவிட்டார்கள். அதன் மனித உறவான மரபணு 1994-இல் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டே தெரிந்துவிட்டது: இந்த வாயில் பழுதானால் இதயத்துடிப்பு தாளம் தப்பும், திடீர் மரணமும் நேரும்.

உடனே விழித்தது உலகம்! தும்மலுக்கும் மூக்கொழுகலுக்கும் விற்கப்பட்ட டெர்ஃபெனடின் எனும் மாத்திரை, ஹெர்க் வாயிலை அடைக்கிறது என்று தெரிந்தது; 1998-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அகற்றப்பட்டது. வயிற்றுக்கோளாறுக்கு விற்ற சிசாப்ரைடு, 2000-இல் அதே வழி சென்றது. 2005-இல் பன்னாட்டு நெறிமுறையே வகுத்தார்கள்: புதிய மருந்து எதுவாயினும், ஹெர்க் வாயிலை அது அடைக்கிறதா என்று முன்கூட்டிப் பார்த்துவிடுக! இதயத்துக்காக இதைச் செய்தார்கள். செய்தது சரி, பாராட்டுகிறோம். அதே வாயில் கருப்பையிலும் இருக்குமே, அங்கே என்ன செய்கிறது என்று பேறுகாலப் பெண்ணின் தசையில் பார்த்துச் சொன்னது எப்போது? 2014-இல்! ஆஸ்திரேலியாவில், மோனாஷ் பல்கலைக்கழகத்து ஹெலெனா பார்க்கிங்டன் அம்மையாரும் குழுவினரும் சொன்னார்கள். மரபணு அகப்பட்டு இருபது ஆண்டுகள் சென்ற பின்!

அவர்கள் கண்டது யாது? வலி தொடங்காத தாய்மாரின் கருப்பைத் தசையில் ஹெர்க் சுறுசுறுப்பாக இருக்கிறது. சுருக்கம் எழும்போதெல்லாம், “போதும், அடங்கு” என்று அதனைச் சுருக்கி முடித்துவிடுகிறது. வலி தொடங்கியவர்களின் தசையில், ஹெர்க்கை அடக்கும் துணைப் புரதமொன்று பெருகுகிறது. ஹெர்க் அடங்குகிறது. அதனால் ஒவ்வொரு சுருக்கமும் நீள்கிறது, வலுக்கிறது. பிள்ளையை வெளியே அனுப்பும் ஆற்றல் பெறுகிறது. சரி, உடல் பருத்த தாய்மாரிடம்? அங்கேதான் இருக்கிறது செய்தி! வலி தொடங்கிய பிறகும், அவர்களின் தசையில் துணைப் புரதம் போதிய அளவு பெருகவில்லை. ஹெர்க் அடங்க மறுக்கிறது. சுருக்கம் எழுகிறது, எழுந்த வேகத்தில் அணைகிறது. தாய் பாடுபடுகிறாள்; பயன் விளையவில்லை.

“உண்டு கொழுத்தவள்” என்று தாழ்வாரத்தில் தீர்ப்பளித்தாரே ஒரு பெரியவர், அவரை அழைத்து வாருங்கள்! ஐயா, அவள் சோம்பேறியல்லள். மூடவேண்டிய வாயிலொன்று மூடவில்லை. மூடவைக்கும் வழியை அறிவுலகம் அவளுக்குச் செய்து தரவில்லை. பழி சுமத்த ஆள் வேண்டுமானால், வேறு திசையில் தேடுங்கள்.

ஒரே ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு ஊரை உருட்டுகிறார்களே என்பீர்கள். பேறு நீடிப்பதற்கு ஹெர்க் ஒன்றே காரணம் என்று நாம் கூறவில்லை. பிள்ளையின் தலை திரும்பியிருத்தல், இடுப்பெலும்பின் அமைப்பு, கிருமித்தொற்று, களைப்பு என்று காரணங்கள் பல. பொட்டாசிய வாயில்களும் பலவகை. அதே 2014-இல் வேறோர் ஆய்வுக் குழு, கிர் 7.1 எனும் மற்றொரு வாயில், கருவுற்ற காலத்தின் நடுவிலே கருப்பையை அமைதியாக வைத்திருக்கிறது என்று காட்டிற்று. எந்தத் தாயிடம் எந்த வாயில் முரண்டு பிடிக்கிறது என்று அறிந்து மருந்து தரும் நாள் வரவில்லை. வராமைக்குக் காரணம், நம்மிடம் இருப்பது ஒரு கைப்பிடி ஆய்வுகளே என்பதுதான். ஆய்வு குறைவு என்பது நம் வாதத்துக்கு மறுப்பா? அதுதானே நம் வாதம்!

மறுப்புரைப்போர் சிலர் உளர். “கருவுற்ற பெண்ணை எப்படி ஐயா சோதிப்பது? தாய்க்கும் சேய்க்கும் தீங்கு நேர்ந்தால்?” என்பர். நல்லெண்ணத்தில் எழும் கேள்வி, மதிக்கிறோம். தாலிடோமைடு எனும் மருந்து கைகால் குறைந்த குழந்தைகளைப் பிறப்பித்த கொடுமை, எவரும் மறக்கத் தக்கதன்று. ஆனால் அதிலிருந்து கற்ற பாடத்தைப் பாருங்கள்! 1977-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம், பிள்ளை பெறக்கூடிய வயதுப் பெண்களையே மருந்தாய்வின் தொடக்க நிலைகளிலிருந்து விலக்கி வைத்தது. 1993-இல்தான் அக்கதவைத் திறந்தது. பெண்ணைக் காப்பதாகச் சொல்லிப் பெண்ணைப் பற்றிய அறிவுக்குப் பூட்டு! எலியில் பார்த்துக்கொள்ளலாமே என்றால், எலியின் கதை வேறு. பேறுகாலத்துக்கு முன் எலியின் குருதியில் புரோஜெஸ்டிரோன் எனும் இயக்குநீர் சட்டென்று குறைகிறது. மனிதப் பெண்ணுக்கு அவ்வாறு குறைவதில்லை. மனிதக் கருப்பையை மனிதக் கருப்பையில்தான் படித்தாகவேண்டும்.

“இத்தனை கோடிப் பேர் ஹெர்க்கும் கிர்க்கும் தெரியாமலே பிறந்துவிட்டார்களே!” என்பர் இன்னும் சிலர். ஆம், பிறந்தார்கள். பிறப்பித்தவர்கள் என்ன ஆனார்கள்? பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி கழன்றதும், கருப்பைத் தசை இறுகச் சுருங்கி, குருதிக் குழாய்களை இழைகளுக்கிடையே நெரித்து மூடவேண்டும். சுருங்காவிட்டால் குருதி பெருகும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, பேற்றுக்குப் பிந்திய குருதிப்போக்கு ஆண்டுதோறும் 1 கோடியே 40 லட்சம் பெண்களைத் தாக்குகிறது; ஏறத்தாழ 70,000 பேர் மாள்கின்றனர். பெரும்பாலானோரிடம் காரணம், கருப்பை சுருங்க மறுத்ததே. மறுபக்கம், சுருங்கக் கூடாத மாதத்தில் சுருங்கிவிடும் கருப்பையும் உண்டு. 2020-இல் உலகில் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் நாள் நிறையுமுன் பிறந்தன. குறைமாதப் பேற்றுக்குக் காரணங்கள் பல. அவற்றுள், காலத்துக்கு முன்பே மூண்டுவிடும் இந்தக் கிளர்ச்சி முக்கியமானது. அமைதி நீடித்தாலும் சாவு, முந்திக் கிளர்ந்தாலும் சாவு. இரண்டுக்கும் நடுவே நிற்பவை அந்த நுண்ணிய வாயில்கள்.

மருந்து இல்லையா? இருக்கிறது; பெரும்பாலும் இரவல்! முந்திய வலியை அடக்கத் தரும் நிஃபெடிபின், குருதி அழுத்தத்துக்கும் மார்பு வலிக்கும் பிறந்த மருந்து. கால்சிய வாயிலை அடைப்பதால் கருப்பைக்கும் பயன்படுகிறது. இண்டோமெதசின், மூட்டு வலிக்கு வந்தது. டெர்பியூட்டலின், ஆஸ்துமாவுக்கு வந்தது. அதனை நெடுநாள் செலுத்தியதால் தாய்மாரின் இதயம் பாதிக்கப்பட்டு உயிரிழப்பும் நேர்ந்ததென்று, 2011-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. கருப்பைக்கு மருந்து தேடி இதயத்தைக் கெடுத்தார்கள்! கருப்பைக்கென்றே ஆக்கப்பட்ட அட்டோசிபன் ஐரோப்பாவில் 2000-இல் ஒப்புதல் பெற்றது. அமெரிக்காவில் இன்றுவரை ஒப்புதல் இல்லை. சுருங்க வைப்பதற்கோ ஆக்சிடோசின். கருப்பையைச் சுருக்கும் பொருளொன்று மூளையடிச் சுரப்பியில் உண்டென்று ஹென்றி டேல் கண்டது 1906-இல். டு விக்னோ அதனைச் செயற்கையாக ஆக்கியது 1953-இல். எண்ணற்ற தாய்மாரைக் காத்த அரும்பொருள், குறை கூறமாட்டோம். ஆயின், பலமணி நேரம் ஊற்றிக்கொண்டே இருந்தால், அதனை ஏற்கும் உறுப்புகள் சலித்துவிடுகின்றன. பிள்ளை பிறந்த பிறகு, குருதியை நிறுத்த அது தேவைப்படும் வேளையில், குரல் கேளாத செவிபோல் கருப்பை கிடக்கும். மிகுந்துவிட்டாலோ, சுருக்கங்களுக்கு இடையே ஓய்வின்றிப் போய், பிள்ளைக்குச் செல்லும் உயிர்வளி குறையும். எந்த வாயில் மூடவில்லை என்று தெரியாமல், எல்லாக் கதவையும் ஒரே தடியால் இடிப்பதுதான் இன்றைய முறை.

அந்தக் கடிகாரத்துக்கும் ஒரு சொல். கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவேண்டும், திறக்காதவள் பின்தங்கியவள் என்ற கணக்கு, தலைமுறை தலைமுறையாக ஆட்சி செய்தது. அந்த வேகத்தை எல்லாப் பெண்களிடமும் எதிர்பார்ப்பது பொருந்தாது, அதை வைத்தே பேற்றைத் துரிதப்படுத்தக் கூடாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது 2018-இல். அதற்குள் எத்தனை பெண்களின் தாளில் ‘முன்னேற்றம் இல்லை’ எழுதப்பட்டதோ!

நம் வீட்டுக் கிழவிகள் சிலர் இவ்வகையில் மேல். வலி என்றதும் ஓடவில்லை அவர்கள். “சூட்டு வலியாக இருக்கும், பொறு” என்று சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அடங்கினால் பொய்வலி, அடங்காவிட்டால் மெய்வலி. கஷாயத்தின் திறம் எப்படியாயினும், இரண்டு வலியும் வேறு வேறு என்று கண்டு, பார்த்து முடிவு செய்யும் முறை அது. மெய்வலியையும் பொய்வலியையும் மின்கோட்டால் பிரித்தறியும் முயற்சிகள், இன்று ஆய்வுக்கூடங்களில் நடக்கின்றன. அவற்றைப் பேறுகால அறைக்குக் கொண்டுவருக என்பது நம் முதல் கோரிக்கை. பேறுகாலத்தில் தரக்கூடிய எந்தப் புதிய மருந்தும், மனிதக் கருப்பைத் தசையின் வாயில்களை என்ன செய்கிறது என்று பார்க்கப்படவேண்டும் என்பது இரண்டாவது. மருந்துப் பாதுகாப்புக்கான பன்னாட்டு நெறிமுறையின் அடிப்படைப் பட்டியலில் இதயம் உண்டு, மூச்சு உண்டு, மூளை உண்டு, கருப்பை இல்லை. சேர்த்தால் என்ன?

சோதிக்கத் தசை எங்கே கிடைக்கும் என்று எவரும் கையை விரிக்க முடியாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பிறப்புகளில் 44.9 விழுக்காடு அறுவை வழியே நிகழ்கின்றன. அறுவை கூடாது என்று சொல்ல வரவில்லை நாம். உயிர் காக்கும் கத்தியை வணங்குகிறோம். அந்த அறுவையின்போது, கீறிய விளிம்பிலிருந்து, தாயின் ஒப்புதல் பெற்று, சிறு துண்டு தசையை எடுத்துக்கொள்ளலாம். பிற நாடுகளில் அவ்வாறு ஒப்புதல் தந்த தாய்மார்களால்தான், மேலே நாம் கூறிய செய்திகளில் பல உலகுக்குத் தெரிந்தன. அறுவை மேசையில் கிடந்த வேளையிலும், தம்மை இகழ்ந்த உலகுக்கு அறிவைக் கொடையாகத் தந்தவர்கள் அவர்கள். அந்தத் துண்டை, உடற்சூட்டளவு வெதுவெதுப்பான உப்புநீரில் தொங்கவிட்டு, உயிர்வளி ஊட்டி வைக்கிறார்கள். தாயில்லை, நரம்பில்லை, மூளையில்லை, ஏசுவதற்கு மாமியாரும் இல்லை. சிறிது நேரம் சும்மா கிடக்கிறது. பிறகு, எவர் கட்டளையுமின்றி, அது தானே சுருங்கத் தொடங்குகிறது, விரிகிறது, மீண்டும் சுருங்குகிறது. மணிக்கணக்கில்.